அவள் விழுந்த இடங்கள் மட்டும்

நெல்லித்தோப்பில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண், பெண்கள் கூடைப்பந்தில் இந்திய அணிக்குத் தேர்வானாள். அணியிலேயே சின்னவள். பள்ளிக்கூடத்தில் நானும் ஆடியிருக்கிறேன். அதனால் அவள் ஆட்டம் ஒன்றைக்கூட விடக் கூடாது என்று இருந்தது. ஆட்டங்களோ பகலில்தான் டிவியில் வரும். அந்த நேரத்தில் நான் எங்கள் ஊரிலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். அதனால் காலையில் கிளம்பும்போதே செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகி, ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் போவேன்.

சாயங்காலம் நான், என் கணவர், முதலியார்பேட்டையிலிருந்து வரும் என் கொழுந்தனார் மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். முதல் ஆட்டத்தில் அவளைக் கடைசியில் கொஞ்ச நேரம்தான் இறக்கினார்கள். பந்து கைக்கு வந்ததும் பதறினாள். மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பதற்றம் போயிருந்தது. தன்னைவிட ஒரு தலை உயரமானவளை முதுகால் அடைத்து நிறுத்திவிட்டு, வளையத்தில் பட்டு வந்த பந்தை எட்டிப் பிடித்தாள். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

கொழுந்தனாருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவரும் ஒரு கிளப்பில் ஆடியவர்தான். "இவளுக்கு யாரோ சிபாரிசு பண்ணியிருக்காங்க அண்ணி. உடம்பப் பாருங்க, ஓடவே முடியல" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வீட்டுக்கு வந்தவர் என்று வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீங்க சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு வாங்க, நான் மேட்ச் பாத்துட்டு இருக்கேன்" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம்.

மறுநாள் ஆபீசில் சாப்பிடும்போது, பக்கத்து சீட்டுப் பெண் போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க ஏரியா பொண்ணுதான?" வீடியோவில் அந்தப் பெண் வழுக்கி விழுகிறாள். ஃப்ரீ த்ரோ வளையத்தில்கூடப் படாமல் போகிறது. பாஸ் எதிரணிக்காரி கைக்குப் போகிறது. மறுபடியும் விழுகிறாள். வெறும் அதுமட்டும்தான், வரிசையாக. மேலே 'நம்ம ஊர் பெருமை' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மைகள். டிவியில் ஓடுவதைப் போனில் பிடித்திருந்தார்கள்; டிவி ஓரத்தில் எங்கள் வீட்டு நீலச் சுவரும், கிறிஸ்துமஸுக்கு மாட்டி இன்னும் கழற்றாத ஸ்டாரும் தெரிந்தன. பின்னால் சிரித்த குரல் கொழுந்தனாருடையது.

டிபன் பாக்ஸை மூடினேன். உடனே போன் போட்டேன்.

"தம்பி, நீங்க எடுத்ததா அது?"

"தமாஷுக்கு அண்ணி. எவ்ளோ பேர் பாத்துட்டாங்க தெரியுமா?"

"மொதல்ல அத எடுத்துடுங்க."

"எல்லாரும் ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. இனிமே எடுத்து இன்னா ஆவப்போவுது?"

சாயங்காலம் கணவரிடம் சொன்னால், "வெளாட்டுக்குப் பண்ணிட்டான், விடு" என்றார். அன்றைக்கு அவரோடும் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். கடையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"உங்க வூட்ல மேட்ச் எடுத்து வெச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. எங்க கேபிள்ல அந்த சேனல் வரல. பாக்கறவங்க எல்லாம் அவ விழற வீடியோவத்தான் காட்டறாங்க. ஆட்டம் பூரா விழுந்துகிட்டேவா இருந்தா?"

"உள்ள வாங்கக்கா" என்று கூப்பிட்டு, மூன்றாவது ஆட்டத்தை முதலிலிருந்து போட்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்தபடி பார்த்தார்.

பாதி ஆட்டத்தில் கொழுந்தனார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே டிவியைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணி, காமெடி ஷோ ஓடுதா? இப்ப விழுவா பாருங்க."

அந்த அம்மா திரும்பினார். "அது எம் பொண்ணுப்பா."

அப்போதாவது கொழுந்தனார் தலை குனிந்திருக்கலாம். "நல்லதுக்குத்தாம்மா சொல்றோம். குறைய சொன்னாத்தான முன்னேறுவா" என்று சிரித்தபடி சோபாவில் உட்கார்ந்தார்.

"எந்திரி. வெளிய போ" என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை.

"அண்ணி, மரியாதையா பேசுங்க."

"எங்க வூட்ல உக்காந்து திருட்டுத்தனமா எடுத்து, ஊரே அவளப் பாத்து சிரிக்க வெச்ச. இப்ப அவங்கம்மா மூஞ்சிக்கு நேரா சிரிக்கற. உனக்கு இன்னாடா மரியாதை?"

அவர் அண்ணனைப் பார்த்தார். பக்கத்திலிருந்த என் கணவர் எழுந்து கதவைத் திறந்து, "கெளம்புடா" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மா, "மொதல்லேர்ந்து இன்னொரு தடவ போடுவீங்களா?" என்று கேட்டார். போட்டேன்.

இப்போது அவளை முதல் குவார்ட்டரிலேயே இறக்குகிறார்கள். அவள் ஆடும் நாளில் அவள் அம்மா வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அந்த வீடியோவும் யார் போனிலிருந்தாவது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. யாரோ ஒரு பெண்ணுக்காகக் குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்று மாமியார் வீட்டில் பேச்சு. போன மாதம் கொழுந்தனார், அடுத்த மேட்சுக்கு வரலாமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

"மொதல்ல அந்தம்மா வூட்டுக்குப் போயி மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

இன்னும் அவர் போகவில்லை. எனக்கும் கோபம் ஆறவில்லை.