பயிர்ச்சேதப் படம்

அறுப்புக்கு நின்ற எங்கள் நெல் மழையில் மூழ்கி அழுகியது. சேதம் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் அப்பா குளித்து, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வயலில் போய் நின்றார். போட்டோ என்றால் அவருக்கு அப்படித்தான்.

செல்போனை நீட்டிய அதிகாரி கடுப்பானார். "இன்னா பெருசு, மாப்பிள்ளை மாதிரி நின்னுகினு கீற? மூஞ்சில கொஞ்சம் சோகத்தக் காட்டு."

அப்பா முயன்றார். பல்வலிக்காரர் போல இருந்தது. நான் சிரித்துத் தொலைத்தேன், அவரும் சிரித்துவிட்டார். அந்தப் படம்தான் பதிவானது. சிரிக்கிறவனுக்கு எந்த சர்க்கார் நிவாரணம் தரும்?

அடுத்த மாதம் முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்குக் காவலாளியாகப் போனார். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். அதே வெள்ளைச் சட்டை. "சிரிங்க" என்று இரண்டு தடவை சொன்னார்களாம். அதிகாரி கேட்ட மூஞ்சி அந்த அட்டையில் அப்படியே இருக்கிறது.