கறுப்புப் புள்ளிகளின் எண்ணிக்கை

பிள்ளைகளே, அந்த மூன்று நாளும் நான் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாததற்குக் கோபம் காரணமில்லை. என் ஸ்கேன் அறிக்கையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

எனக்கு எம்பைசீமா இருப்பது உங்களுக்குத் தெரியும். நுரையீரலின் சின்னக் காற்றறைகள் கிழிந்துபோகும் நோய் அது. எவ்வளவு பங்கு கெட்டிருக்கிறது என்று அறிக்கையில் ஓர் எண் இருக்கும். போன வருடத் தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இனி பெரியவளைப் புதுச்சேரிக்குப் படிக்க அனுப்ப வேண்டாம், அம்மாவுக்குத் துணை வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. நெரவியில் பஸ் ஏறி, காரைக்காலில் ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போனேன். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணே, மேல உள்ள நம்பர மட்டும் பாத்தீங்களா? கீழ சின்ன எழுத்துல இருக்கே, அதப் பாக்கலியா?"

இருமலுக்காக நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டதால், இம்முறை படத்தைக் கூர்மையாக அமைத்தார்களாம். போன முறை மென்மையான அமைப்பு. கூர்மையாக்கினால் படமெங்கும் பொரிப்பொரியாகக் கறுப்பும் வெளுப்பும் கூடும். கெட்ட இடம் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம்; அந்தக் கறுப்பை எண்ணும் கம்ப்யூட்டர் இந்தப் பொரியையும் கெட்ட இடமாகச் சேர்த்துவிடும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அரிசி ஆலையில் நெல்லின் ஈரம் பார்ப்பதுதான் என் வேலை. ஈரம் காட்டும் கருவியில் சன்ன நெல்லுக்கு ஒரு பொத்தான், மோட்டா நெல்லுக்கு ஒரு பொத்தான். மாற்றி அழுத்தினால் அதே நெல்லுக்கு வேறு எண் காட்டும். இதைச் சொல்லி எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

பழைய மாதிரி வைத்துப் பார்க்க மறுபடி படுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மெஷினில் அன்றைய மூலப்பதிவு இருந்தால் போதும், அதிலிருந்தே வேறு அமைப்பில் படம் எடுக்கலாம்; ஆனால் சில நாளில் புதுப் பதிவுகள் வந்து அதை அழித்துவிடும் என்றாள். வீணாக்கிய நாட்களை விரல்விட்டு எண்ணினேன். அவள் தேடிக்கொண்டே போனாள். பட்டியலின் கடைசிக்கு முந்தின பெயர் என்னுடையது.

மென்மையான அமைப்பில் படத்தைத் திரும்ப உருவாக்கி, உள்ளே இருந்த டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

"கூடித்தான் இருக்குண்ணே, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கொஞ்சந்தான்."

"அப்ப பொண்ண காலேஜுக்கு அனுப்பலாமாம்மா?"

"அத ஏண்ணே எங்கிட்ட கேக்குறீங்க?"

பஸ் ஸ்டாண்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். பழைய தாளின் அடியில் அமைப்பின் பெயராக இருந்த அந்தச் சின்ன ஆங்கில எழுத்துகளை, கோலம் பார்த்துப் போடுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுத்த முறை ஸ்கேன் எடுப்பவர் கண்ணில் படும்படி, புது அறிக்கையின் உறைமேல் பெரிதாக எழுதினேன்.