பந்தலுக்குள் நிறுத்திய வேன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஜுரு பட்டறையில் லோரி பழுதுபார்த்தே முன்னுக்கு வந்தவன். பழைய வேனில் படுக்கை, பேட்டரி, கூரையில் சோலார் எல்லாம் என் கையாலேயே பொருத்தினேன். ரெடிமேடாக வாங்கி வந்து படம் காட்டுகிறவர்களை நான் ஒரு மனிதராகவே மதிப்பதில்லை.

தைப்பூசத்தன்று எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குள் வேனை நிறுத்தினேன். பிறை தொழிற்பேட்டையில் இன்ஜினியராக இருக்கும் மருமகன், "மாமா, நிழல்ல சோலார் சார்ஜ் ஏறாது லா" என்றார்.

"காகிதத்துல படிச்சத என்கிட்ட சொல்லாதீங்க மாப்ளே" என்றேன்.

மத்தியானம் பேட்டரி இறங்கிவிட்டது. அவரிடம் ஒப்புக்கொள்வேனா? வேனுக்குள் காற்றாடி போட்டு என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அது நிற்கக்கூடாதென்று ஜெனரேட்டரை வேனுக்குப் பின்னால், பந்தலின் தார்ப்பாய் மறைவிலேயே ஓடவிட்டு மோர் ஊற்றப் போய்விட்டேன்.

மருமகன்தான் கதவைத் திறந்து அவளை வெளியே தூக்கி வந்தார். வாந்தி எடுத்தாள். நான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில், "புகை உள்ளே போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டார்" என்றார்கள்.

இப்போது வேன் வெயிலில்தான் நிற்கிறது. ஜெனரேட்டர் இருபது அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வேனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து ஓடுகிறது. இடத்தை மருமகன்தான் காட்டுகிறார்.

இதைப் படிக்கும் வேன்காரர்களே, "இதுகூடத் தெரியாத மடையனா" என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு, உங்கள் ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள்.