கிணற்றை உப்பாக்கியவள்

எங்கள் குப்பத்து நல்ல தண்ணீர்க் கிணற்றை உப்பாக்கியவள் நான்தான் என்று எழுபதுகளில் பஞ்சாயத்து ஒரு தீர்ப்பு சொன்னது. கடல் இல்லையாம், பொய்த்த மழை இல்லையாம், நானாம். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்திருக்கிறது பாருங்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மழைத்தண்ணீர் தேங்கும் கழி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவில் மணல்மேட்டில் அந்தக் கிணறு. அதன் தண்ணீரில் போட்ட பருப்பு பூவாக வேகும். ஊர் முழுக்கக் குடித்தது அந்த ஒரு கிணற்றைத்தான்.

கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து கழியின் வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் அதை வெட்டித் திறக்க வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆண், ஆளுக்கொரு மண்வெட்டி. தனியாக நாள் குறிக்கிற பேச்சே கிடையாது; கார்த்திகை அமாவாசை என்றால் கார்த்திகை அமாவாசைதான். ஐப்பசி மழையில் கழி அதற்குள் மார்பளவு நிரம்பியிருக்கும். வெட்டியதும் தண்ணீர் சீறிக்கொண்டு கடலுக்குப் பாயும், வாய் அகலும், பிறகு அந்த வழியாக இறால் குஞ்சும் மடவை மீனும் உள்ளே வரும். பெண்கள் அன்றைக்கு அந்த மணலை மிதிக்கக்கூடாது. சவுக்குத் தோப்பு ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. அதற்கு முந்தின இரண்டு வருஷமும் மழை தள்ளித் தள்ளித்தான் வந்தது. கடலோ கரையைத் தின்றுகொண்டே வந்தது. வலை வைக்கும் கொட்டகையை இரண்டு முறை பின்னால் தள்ளிக் கட்டியாகிவிட்டது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தவள் என் அம்மா. திருக்கழுக்குன்றம் சந்தையில் மீன் விற்பாள். சந்தை இல்லாத நாளில் கழியில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பாள். கழியில் எவ்வளவு தண்ணீர் என்று கரையில் நிற்கிறவர்களைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் அவளுக்கு மாமனார் முறை.

"வெட்டாதீங்க மாமா. கழில முட்டி மட்டும்தான் தண்ணி கீது. இப்பத் தொறந்தா நம்ம தண்ணி வெளிய போவாது, கடலு உள்ள வந்துடும். மழை வர்ற வரிக்கும் பொறுத்தா இன்னா?"

தலைவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "பொம்பள சொல்லித்தான் கழி வெட்டணும்னு ஆயிடுச்சா நம்ம ஊருக்கு? போய் மீன வித்துகினு வா, போ."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் அப்பாவும் அங்கேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை.

அமாவாசையன்று வெட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரத்தில் கழித்தண்ணீர் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் வெளியே ஓடியது. பிற்பகலில் கடல் ஏறத் தொடங்கியதும் ஓட்டம் நின்றது, அப்புறம் திரும்பியது. வெட்டின வழியாகக் கடல் உள்ளே வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆண்கள் அவசர அவசரமாக மணலை அள்ளிப் போட்டார்கள். போடப் போட அது கரைந்தது. சவுக்குத் தோப்பிலிருந்து நாங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகும் மழை வரவில்லை. இருபது நாள் போயிருக்கும், எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை. பக்கத்து வீட்டிலும் வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. பிறகு கிணற்றுத் தண்ணீர் குடித்தாலே கரித்தது. கைக்குழந்தைகளுக்கு வயிறு கெட்டது.

கழியை வெட்டின நாளைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன். நல்லாத்தான் பேசினார்கள் போங்கள். பஞ்சாயத்துக் கூட்டம் போட்டார்கள். கிணற்றில் தீட்டுப் பட்டுவிட்டது, கங்கையம்மன் கோபித்துக்கொண்டாள் என்றார்கள். வீட்டுக்கு வீடு பெண்களைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்கள்.

"யாருனா தூரமா இருக்கசொல்ல தண்ணி சேந்தினீங்களா?"

மாதவிலக்கு நாளில் நான் சேந்தியிருந்தேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அப்பா கடலிலிருந்து வரும் நேரம். பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. "ஆமா" என்றேன். எத்தனையாவது நாள் என்று கேட்டார் தலைவர். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, என் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, "மூணாம் நாளு" என்று நான் சொன்னேன். அதைப் பஞ்சாயத்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். செத்துப்போகலாம் போல இருந்தது.

அம்மா கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். "கடல நீங்க வெட்டி உள்ள வுட்டுட்டு, என் பொண்ணு சேலைல கற தேடறீங்களே, வெக்கமா இல்ல?"

அவளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். எங்கள் வீட்டார் இனிமேல் அந்தக் கிணற்றைத் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. உப்புக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று தண்டனை! பூசாரி வந்து மஞ்சள் நீர் தெளித்தார், கிணற்றில் பால் ஊற்றினார். உப்பு உப்பாகவே இருந்தது.

நானும் அம்மாவும் ரோட்டைத் தாண்டி இரண்டு மைல் நடந்து, வயல்காட்டு பம்புசெட்டில் தண்ணீர் பிடித்து வந்தோம். பத்து நாளில் பாதி ஊர்ப் பெண்கள் எங்கள் பின்னால் குடத்தோடு வந்தார்கள். வழியெல்லாம் தலைவரைத் திட்டித் தீர்ப்பார்கள். குப்பத்து எல்லை வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்துக் குப்பத்திலிருந்து என்னைப் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார், கிணற்றைக் கெடுத்த பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். மழை தவறுகிறது, கடல் மேலே ஏறுகிறது என்று அம்மா அவரிடம் சொன்னாள். "கடலோரக் கிணறு உப்பாகாம சர்க்கரையாவாம்மா இருக்கும்?" என்று சிரித்துவிட்டு இளநீர் குடித்துப் போனார்.

அடுத்த வருஷமும் மழை தாமதம். கார்த்திகை அமாவாசை வந்தது. மண்வெட்டியோடு போனவர்களைத் தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். கழி நிரம்பட்டும் என்றார். மார்கழியில்தான் வெட்டினார்கள். ஆக, அவருக்குப் புரிந்துவிட்டது. நாளை மாற்றிய மனுஷன் தீர்ப்பை மாற்றவில்லை. சாகும்வரை மாற்றவில்லை. அம்மா அந்தக் கிணற்றைத் தொடாமலே செத்துப்போனாள்.

போன மாசம் கல்லூரியிலிருந்து சில பிள்ளைகள் கழியை அளக்க வந்திருந்தார்கள். பருவநிலை மாற்றம், கடல்மட்டம் என்று ஊர்க்கூட்டத்தில் மைக் வைத்துப் பேசினார்கள். எங்கள் ஆம்பிள்ளைகள் எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி தலையாட்டினார்கள். ஒரு பெண் நோட்டும் பேனாவுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கிணறு எப்போ உப்பாச்சும்மா? நாள் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் கீது" என்றேன். "எனக்குத் தூரமாயி மூணாம் நாளு. இந்த ஊரு ஆம்பளைங்க அத்தினி பேரும் குந்திகினு கேட்டு எழுதின நாளு. நீயும் எழுதிக்கோ."