காருக்குக் குளிர்ந்த காற்று

என் கணவருக்கு வேலை போன வருடம் அது. அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. இங்கே அவர் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நான் வேலை பார்த்த கம்பெனி யாரையும் அனுப்பவில்லை. அதனால் தினமும் காலையில் டிபன் டப்பாவோடு நான் கிளம்புவேன், அவர் கேட்டைத் திறந்துவிடுவார்.

அடுகோடியில் மாமியார் வீட்டு மாடியில் இருந்தோம். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பவர்கள். நான் வேலூரிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணமாகித் தங்கிவிட்டவள். கார் என்னுடையது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன கார். ஓசூர் ரோட்டில் ஆபீஸுக்குப் போகவும் வரவும் அதுதான். அதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

வேலை தேடுவதற்காக கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர், கார் பைத்தியங்கள் கூடிப் பேசும் வலைத்தளம் ஒன்றில் போய் விழுந்திருந்தார். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விளக்க ஆரம்பித்தார். பானெட்டுக்குள் சுற்றும் சூட்டுக் காற்றைத்தான் என்ஜின் சுவாசிக்கிறதாம். ஒரு குழாய் போட்டு வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துக் கொடுத்தால் வண்டி சிட்டாகப் பறக்குமாம். எங்கே பறப்பது, மடிவாளா சிக்னல் நெரிசலிலா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் மனிதரிடம் எதைச் சொன்னாலும் அது வேறு ஒன்றைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு பயம். நல்லது, செய்யுங்கள் என்றேன். அந்த மாதங்களில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஜே.சி. ரோட்டில் எங்கோ போய் வளைந்த அலுமினியக் குழாய் ஒன்றும், கூம்பு வடிவத்தில் சிவப்பு ஃபில்டர் ஒன்றும் வாங்கி வந்தார். ஒரு சனிக்கிழமை காலை வாசலிலேயே வேலை ஆரம்பமானது. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றார். பானெட்டைத் திறந்து, ஒரிஜினல் ஃபில்டர் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி எடுத்தார். அது சுலபமாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் சுலபமாக வரவில்லை.

அந்தக் குழாய் வேறு ஏதோ காருக்காகச் செய்தது. உள்ளே நுழைய பேட்டரி இடித்தது. பேட்டரியை நகர்த்தினால் கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா இடித்தது. டப்பாவைக் கழற்ற முன் பம்பரை இறக்க வேண்டியிருந்தது. பம்பரைப் பிடித்திருந்த கிளிப்புகளில் இரண்டு உடைந்தன. சாயங்காலம் பார்த்தபோது, என் கார் முகத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. மாமியார் கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை சும்னே எதற்குப் பிரிக்கிறான் என்று கன்னடம் கலந்த தன் தமிழில் என்னைக் கேட்டார். அவருடைய மகனைக் கேட்கவில்லை. அவரும் என்னைப் போலத்தான் பயந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை குழாயை அறுத்தார். வாசலெல்லாம் அலுமினியத் தூள். கோலம் போடப் போன மாமியாரின் விரலில் ஒரு துணுக்கு குத்தியது. குழாயையும் என்ஜினையும் சேர்க்கும் ரப்பர் வளையம் நுழையவில்லை என்று என் ஹேர் டிரையரை வாங்கிப் போய்ச் சூடு காட்டினார். ரப்பர் நுழைந்தது. ஹேர் டிரையர் அதோடு போய்ச் சேர்ந்தது. திங்கள்கிழமை நான் பஸ்ஸில் ஆபீஸ் போனேன், செவ்வாய்க்கிழமையும். புதன்கிழமை, தோளில் ஒரு பை, காலை மிதித்தபடி இன்னொருவர் என்று நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தபோது, பம்பர் மாட்டியிருந்தது. மிச்சம் வந்த சில போல்ட்டுகள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. அது என் ரசக் கிண்ணம்.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஜலதோஷம் பிடித்தவர் மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வந்தது.

“கேட்டியா?” என்றார். அத்தனை மாதங்களில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். மறுநாளிலிருந்து அந்த உறிஞ்சலோடுதான் ஆபீஸ் போய்வந்தேன். பிக்கப் தெரிகிறதா என்று தினமும் கேட்பார். முன்னால் போகும் லாரியின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிகிறது என்றேன். தண்ணீர் டப்பாவை வைக்க இடமில்லாமல் பரணில் போட்டிருந்ததால் முன் கண்ணாடியைக் கழுவ வழியில்லை. அதைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் ஒரு கல்யாணத்துக்காக ஜோலார்பேட்டை போகவேண்டியிருந்தது. சிட்டி ஸ்டேஷனில் விடுவதற்கு மூவரும் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் சாலையை அடைத்திருந்தார்கள் என்று சுற்றிக்கொண்டு ஒக்கலிபுரம் பக்கமாக வந்தோம். அங்கே ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. நானும் மெதுவாக இறக்கினேன். எதிரே வந்த பஸ் ஒன்று ஓர் அலையைக் கிளப்பி எங்கள் மேல் விட்டுவிட்டுப் போனது. வண்டி ஒரு தரம் விக்கி, நின்றுவிட்டது.

நான் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம். ஃபில்டர் கீழே பம்பருக்குள்ள இருக்கு. என்ஜின் தண்ணியைக் குடிச்சிருக்கும். இன்னொரு தரம் திருப்பினா உள்ள இருக்கிற ராடு வளைஞ்சிடும்.”

குளிர்ந்த காற்று வேண்டும் என்று அந்தச் சிவப்புக் கூம்பை, தரைக்கு ஒரு சாண் மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார். அவர் படித்த பக்கங்களில் இதுவும் எழுதியிருந்ததாம். இவ்வளவு தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று விட்டுவிட்டாராம். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வைப்பரைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். உடைந்த கிளிப்பில் ஆரம்பித்து, ஹேர் டிரையர், பஸ், ரசக் கிண்ணம், பரணில் கிடக்கும் தண்ணீர் டப்பா, சந்தாபுராவில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று நான் சொல்லியும் போன் செய்யாமல் இருந்தது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. நான் அவற்றுக்கும் மேலே அலறினேன். பின் சீட்டில் மாமியார் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவர் கதவைத் திறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“நீ சொல்றது எல்லாம் சரிம்மா, சொல்லி முடி. எனக்கு டிரெயினுக்கு நேரமாச்சு. ஏய், பெட்டியை எடுடா.”

முதலில் காரைத் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டோக்காரர்கள் கன்னடத்தில் எங்களைத் திட்டிக்கொண்டே கை கொடுத்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என் கணவரைத் திட்டுவதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வண்டி மேட்டில் ஏறி ஓரமாக நின்றதும், அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார். மழையில் இருவரும் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வந்து, சொட்டச் சொட்டப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். டிரெயின் கிடைத்துவிட்டது என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார்.

“வேலை போன நாள்லேர்ந்து நீ என்கிட்ட ஆஸ்பத்திரியில நோயாளியைப் பார்க்க வந்தவ மாதிரிதான் பேசிட்டிருந்த. எதைச் சொன்னாலும் ‘நல்லது’ன்னே. இன்னிக்குத்தான் வீட்டு ஆள்கிட்ட பேசுற மாதிரி பேசின.”

“திட்டினதையா சொல்றீங்க?”

“ஆமா.”

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நான் காட்டிய பக்குவமெல்லாம் வீண் என்றால், அதை முதல் மாதமே சொல்லியிருக்கலாம் அல்லவா? அதையும் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கத்தவும் தெம்பில்லை.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி அடுகோடிக்கு இழுத்து வந்தோம். மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி என்ஜினைச் சுற்றவிட்டபோது, பிளக் துளைகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. ராடு வளையவில்லை. ஆயிலை மாற்றினால் போதும் என்றார். பழைய கறுப்புப் பெட்டியை என் கணவரே திரும்ப மாட்டினார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். இந்த முறை எந்த போல்ட்டும் மிஞ்சவில்லையா என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் ‘இல்லை’ என்று கோபமாகவே சொன்னார்.

சந்தாபுராவுக்கு அந்த வாரமே போன் செய்தார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூப்பிட்டார்கள். முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம், தினமும் ஓசூர் ரோட்டில் தூரமான பயணம். பஸ் இரண்டு மாற வேண்டும் என்பதால் காரை அவர் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். அதே ஓசூர் ரோட்டில்தான் என் ஆபீஸும் இருந்தது. ஆனால் என் ஷிப்ட் அவருக்கு ஒத்துவரவில்லை. நான் கேட்டைத் திறந்துவிட்டு, அவர் போன பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அதற்கும் ஒருநாள் நன்றாகச் சண்டை போட்டேன்.