வாசலில் செல்போன் வாங்கும் முனியராஜ்

நாரணாபுரத்தில் சம்பளம் வாங்காத ஒரே பாதுகாப்பு அதிகாரி முனியராஜ். வயது நாற்பது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி கொஞ்சம் நிதானம். அதிகாரம் செலுத்த அது என்றைக்குமே இடைஞ்சலாக இருந்ததில்லை.

பட்டாசுக் கம்பெனி வாசலில் தொழிலாளர்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். அங்கே வேலை பார்க்கும் தங்கை பானுப்பிரியாவோடு போய் அதைப் பார்த்தவர், சொந்த வீட்டு வாசலிலும் அமல்படுத்திவிட்டார். கையில் பிளாஸ்டிக் டப்பா. அம்மா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அதில் செல்போனைப் போட்டுவிட்டுத்தான் அழ முடிந்தது.

அம்மாவுக்குப் பிறகு பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பானு வேலைக்குப் போனால்தான் சோறு. அண்ணன் மனம் கோணாமல் இருக்க ஓர் இல்லம் தேடினாள்.

முதலில் விருதுநகரில், தரை பளபளக்கும் ஓர் இல்லம். "தொந்தரவு ஏதும் பண்ணுவாரா?" என்று நிர்வாகி ராஜபாண்டியன் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய செல்போன் டப்பாவுக்குள் போயிருந்தது.

"இந்தப் பழக்கம் இருந்தா ரூம்ல வச்சுப் பூட்டத்தாம்மா வேணும்."

"பூட்டி வைக்க அவுக என்ன சரக்கா? வாண்ணே, போவோம்."

பஸ் ஸ்டாண்டில் டப்பாவுக்குள் மணி அடித்தது. நிர்வாகியின் செல்போன்! திரும்பிப் போய் ஒப்படைத்த முனியராஜ், "இனிமே கொண்டாராதீக" என்று எச்சரிக்கையும் விடுத்தார்.

அடுத்தது, இருக்கன்குடி போகும் வழியில், அவரைப் போன்ற சிலர் மட்டும் ஒரே குடும்பமாக வசிக்கும் சிறு வீடு. நடத்துபவர் கீர்த்திகா. பானு முந்திக்கொண்டாள்: "அக்கா, அண்ணன் செல்போன வாங்கிருவாக. கோவிச்சுக்கிடாதீக."

"நல்லதாப் போச்சு. லோன் வேணுமான்னு காலையில இருந்து ஒருத்தன் உசுர எடுக்கான். நீங்களே வச்சுக்கோங்க சார்."

'சார்' என்றதும் முனியராஜின் சட்டைக் காலர் தானாக நிமிர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் செல்போனைக் கொடுக்க வரிசையில் வந்து நின்றார்கள். கண்ணுச்சாமி மட்டும் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தர மாட்டேம்லே!"

"டூட்டி நேரத்துல பாட்டா?"

"பாட்டில்லலே, நியூஸு!"

முனியராஜ் காதை வைத்துச் சோதித்தார். "நியூஸுன்னா போகலாம்." அவர் சட்டம் தளர்ந்தது வரலாற்றில் அதுவே முதல்முறை.

கீர்த்திகா பானுவை விட்டுவிட்டு முனியராஜிடமே கேட்டார்: "இங்கன இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

பானுவுக்குத் தெரியும்: அண்ணன் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

"வாசல்ல நாற்காலி போடுவீகளா?"

"போடுவோம்."

"தீவாளி சீசன்ல எனக்கு லீவு வேண்டாம்."

"சரி சார்."

"அப்ப இருக்கேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஏங்கிக் கிடப்பாரென்று பானு ஓடிவந்தாள். பையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்.

"வீட்டுக்குப் போவமாண்ணே?"

"இன்னிக்கு இங்கன கறிக்கொளம்பு. கையக் களுவிட்டு வா." அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "விருந்தாளி வந்திருக்காக! மொத அவுகளுக்கு வைங்க!"

விருந்தாளிக்குச் சிரிப்பில் புரையேறியது.