மேப்பிளுக்குப் பெருங்காயம்

ஐம்பத்தாறு வயதில், வீட்டில் நாலு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான், ஒரு மேப்பிள் மரத்தைக் கொல்ல அதன் அடியில் துளை போட்டுப் பெருங்காயம் அடைத்தேன். இதை எழுதும்போதும் கை மணக்கிறது போலிருக்கிறது.

அதற்கு முதல் வருடம், அரிசோனாவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் புலம்பினான். தன் வளவில் நிற்கும் பாலைவனக் கள்ளியைப் பிடுங்கி வேறிடத்தில் நட அரசாங்க அனுமதி வேண்டுமாம். அனுமதி கிடைத்தால் கள்ளியில் ஒரு அனுமதித் துண்டும் கட்டிவிடுவார்களாம். “சண்டைக்காலத்திலை ஊரை விட்டு வெளிக்கிட எங்களிட்டைத்தான் பாஸ் கேட்டவங்கள். உங்கை கள்ளிக்குமோடா?” என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறகு மகள் கார் வாங்கினாள். ஸ்காபரோவில் எங்கள் டிரைவ்வேயில் இரண்டு காருக்குத்தான் இடம். அகலப்படுத்தலாமென்றால் மேப்பிள் குறுக்கே நின்றது. நெஞ்சுயரத்தில் முப்பது சென்ரிமீற்றர் குறுக்களவு இருந்தால் நகரசபையின் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. மனைவியின் தையல் நாடாவோடு மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்து கணக்குப் போட்டேன். இரண்டு மடங்கு. விண்ணப்பத்தில் காரணம் கேட்டிருந்தது. கார் நிறுத்த என்று எழுதினால் தரமாட்டார்கள் என்று நானே முடிவெடுத்து, ‘மரத்துக்கு வருத்தம், நோய் பிடித்திருக்கிறது’ என்று எழுதினேன். பார்க்க ஆள் வரும் என்று பதில் வந்தது. ஆள் வருவதற்குள் மரத்துக்கு வருத்தம் வந்தாக வேண்டும்.

அஜின்கோர்ட் கடையில் இடியப்பத்துக்கு வரிசையில் நின்றபோது வழி பிறந்தது. முன்னால் நின்ற அண்ணை, “துளை போட்டுப் பெருங்காயத்தை வையும் தம்பி. ஊரிலை பலாவே பட்டுப்போகும்” என்றார். பின்னால் நின்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். மரக்கொலையில் எங்கள் சனத்துக்கு இருக்கும் அனுபவத்தைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். நான் பக்கத்துத் தட்டில் பெருங்காயம் எடுத்தேன்.

மனைவி கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை காரியம் முடிந்தது. மார்ச்சில் மேப்பிளுக்குள் இனிப்பு நீர் ஏறும், துளை போட்டு அதை வடித்துத்தான் சிரப் காய்ச்சுவார்கள் என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். அந்நேரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அடுத்தநாள் காலை மரம் வாந்தியெடுத்திருந்தது. துளையிலிருந்து மண்ணிறமாக வடிந்து, நடைபாதைவரை ஓடி, பிசுபிசுத்து நாறியது. ஒரு அணில் நக்கிப் பார்த்துவிட்டு ஓடியது. பழந்துணியால் துடைத்தேன்; துடைக்கத் துடைக்க வந்தது. ஒருவனைக் குத்திவிட்டு, அவனுடைய சட்டையாலேயே இரத்தம் துடைப்பவனைப் போல நின்றேன். மரம் உண்மையிலேயே பட்டுப்போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் பிடித்தது. கார் நினைவிலேயே இல்லை.

நகரசபையிலிருந்து வந்த பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். ஈரத்தைத் தொட்டு மணந்துவிட்டு இது என்ன என்று கேட்டார். சிரப் எடுத்துப் பார்த்தேன் என்றேன். துளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மரத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை, இந்தத் துளையையும் தாங்கிவிடும் என்றார். பிறகு வரைபடத்தைக் காட்டினார். மரம் நிற்பது நகரசபையின் நிலத்தில். நான் கொல்லப் பார்த்தது என் மரமே இல்லை. இனிமேல் அதில் கை வைக்கவேண்டாம் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தப்பிவிட்ட சந்தோசப் புளுகத்தில் உள்ளே வந்து, சிரப் சொல்லிச் சமாளித்த விதத்தை மனைவிக்கு நடித்துக் காட்டினேன். அவள் யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“அந்தப் பிள்ளை ஒண்டையும் நம்பேல்லை” என்றாள். “உங்களைப் பாவம் பார்த்திட்டுது.”